பிஸ்கட் சிஸ்டரின் பதினோரு மெமோக்கள்

மெமோ டைப் அடிப்பதில் எனக்கு ஒரு கைராசி உண்டு. திண்டுக்கல்லில் வத்தலக்குண்டு ரோட்டோரம் இருந்த ஓர் அறக்கட்டளை ஆஸ்பத்திரியில் பிரசவப் பதிவேடும் டைப்ரைட்டரும் என் பொறுப்பு. பெயர் மூக்கையா. பதவி ரெக்கார்டு கிளார்க். பதவியின் பெயரில்தான் ரெக்கார்டு இருந்ததே தவிர, என்னை நிரந்தரம் செய்ததாக ஆஸ்பத்திரியில் எந்த ரெக்கார்டும் இல்லை. ஒன்பது வருடமாகத் தற்காலிகம்தான்.

அங்கே ஒரே ஆளுக்குப் பதினோரு மெமோ அடித்திருக்கிறேன். பிரசவ வார்டு நர்ஸ் பிரிஸ்கில்லாவுக்கு. முதல் பத்து மெமோவும் அவர் செய்த குற்றங்களுக்காக. பதினோராவது நான் செய்த குற்றத்துக்காக. அது அவருடைய வேலைக்கே உலை வைக்க வந்த மெமோ. எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லாமல் அடித்தேன். வெட்கம் கெட்டவன், அதை வேறு பெருமையாகச் சொல்கிறேன் பாருங்கள்.

பிரிஸ்கில்லா சிஸ்டர் மேட்டுப்பட்டிக்காரர். வீட்டுக்காரர் கிளெமென்ட் பள்ளிக்கூட வாத்தியார். இரண்டு பையன்கள். பிரிஸ்கில்லா என்ற பெயர் நிலக்கோட்டைப் பக்கத்துப் பெண்களின் வாயில் நுழையாது. பிஸ்கில்லா என்றார்கள், பிறகு பிஸ்கட் என்றார்கள், கடைசியில் பிஸ்கட் சிஸ்டர் என்றால்தான் வாட்ச்மேனுக்கே தெரியும் என்றாகிவிட்டது. நர்ஸ் என்றால் மெல்லிய குரலில் பேசி, காற்றுப்போல நடப்பார் என்று காலண்டர் படங்களைப் பார்த்து நினைத்திருப்பவர்கள் அவரைப் பார்த்தால் ஏமாந்துபோவார்கள். வாயைத் திறந்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும். வெற்றிலை துப்பியவனை வாளியும் விளக்குமாறும் கொடுத்துக் கழுவ வைத்தவர். டாக்டரம்மாவே அவர் டியூட்டியில் இருந்தால் செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் வருவார்.

அவர் 1991-இல் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளை இறந்து பிறந்தால் ஆயா அதைப் பழைய துணியில் சுருட்டுவார். ஒரு பையில் வைத்து அப்பன் கையில் கொடுப்பார். அவன் அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் போய்விடுவான். தாய்க்காரி கண் திறந்து "எம்புள்ள எங்க?" என்றால், "பேசாம படு, தையல் பிரிஞ்சிரும்" என்பார்கள். அவள் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவே கூடாது. பார்த்தால் மனசு கெட்டுவிடுமாம். அந்தப் பிள்ளைக்கு வார்டில் பெயர் 'அது'. அதைக் குடுத்தாச்சா, அது போயிருச்சா, அதைப் பத்திப் பேசாத. ஆளாளுக்கு அது, அது என்பார்களே தவிர பிள்ளை என்று ஒருத்தர்கூடச் சொல்ல மாட்டார்.

பிறகு ஆறுதல் சொல்ல வருவார்கள். அப்பப்பா, அந்த ஆறுதல்! "அடுத்த வருசமே சிங்கக்குட்டி மாதிரி பெத்துருவ" என்பாள் ஒருத்தி. "பொட்டப்புள்ளதான, விடு" என்பாள் இன்னொருத்தி. "நீ பொழச்சியே, அதுவே பெருசு" என்று சொல்லிவிட்டு, கொண்டுவந்த ஆரஞ்சில் இரண்டை அவளே உரித்துத் தின்றுவிட்டு மூன்றரை மணி பஸ்ஸைப் பிடிக்கப் போவாள். நானும் சொல்லியிருக்கிறேன். டிஸ்சார்ஜ் சீட்டு கொடுக்கும்போது "எல்லாம் நல்லதுக்குத்தான்மா" என்பேன். எந்த நல்லதுக்கு என்று ஒருத்தியாவது திருப்பிக் கேட்டிருந்தால் நான் மேஜைக்கு அடியில்தான் நுழைந்திருக்க வேண்டும்.

பிரிஸ்கில்லா சிஸ்டர் ஆறுதலே சொல்ல மாட்டார். இறந்த பிள்ளையை வெந்நீரில் குளிப்பாட்டுவார். உயிருள்ள பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரியே தலைக்கு அடியில் கை கொடுத்துத்தான் குளிப்பாட்டுவார். வெள்ளைத் துணியில் சுற்றி, தாய் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "பாக்குறியா தாயி?" என்று கேட்பார். வேண்டாம் என்றால் வற்புறுத்த மாட்டார். அரைமணி நேரம் கழித்து இன்னொரு தடவை கேட்பார். "குடுங்க" என்று கை நீட்டினால் கொடுத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருப்பார். அழாதே என்று அவர் ஒருத்தியிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. நர்ஸ் சும்மா உட்கார்ந்திருப்பதாக மேனேஜருக்குப் புகார் போனது. முதல் மெமோ அதற்குத்தான்.

இரண்டாவது, பூ மெமோ. பிள்ளை இல்லை என்பது மனசுக்குத் தெரியும், மாருக்குத் தெரியாது. மூன்றாம் நாள் பால் கட்டிக்கொண்டு கல்லாகிவிடும். வலியில் அந்தப் பெண்கள் துடிப்பதை ரெக்கார்டு ரூமில் இருந்தே நான் கேட்டிருக்கிறேன். சிஸ்டர் நிலக்கோட்டை பஸ்ஸில் மல்லிகைப் பூ சொல்லி அனுப்பி வாங்குவார். சரத்தை மாரில் வைத்துத் துணியால் கட்டினால் பால் மெல்ல வற்றிவிடும். ஊரில் எல்லாப் பொம்பளைக்கும் தெரிந்த வைத்தியம். மேனேஜருக்கு மட்டும் தெரியாது. "தாங்கள் பணி நேரத்தில் வார்டுக்குள் மூன்று முழம் மல்லிகையுடன் காணப்பட்டது குறித்து" என்று தொடங்கி நான் அடித்தேன். கிறிஸ்தவ நர்ஸுக்கு வார்டில் என்ன பூ வேண்டிக்கிடக்கிறது, சாமி கும்பிடுகிறாரா, சிங்காரித்துக்கொள்கிறாரா என்று மேனேஜர் குழம்பிப்போயிருந்தார். பதிலில் சிஸ்டர் பூவின் உபயோகத்தைப் பச்சையாக எழுதிக் கொடுத்தார். மேனேஜர் அதைப் படித்துவிட்டுச் செவ்வாய்க்கிழமை முழுக்க யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மேனேஜர் ராயப்பராஜ் ஏதோ ஓர் ஆபீஸில் தலைமை குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். கெட்டவர் இல்லை. கட்டம் போட்ட காகிதத்தின் மீது மட்டும் அவருக்குப் பெரிய காதல். கட்டம் காலியாக இருந்தாலும் பிடிக்காது, தப்பான கட்டத்தில் எழுதினாலும் பிடிக்காது.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு டீக்கடை. பிள்ளை இறந்த அப்பன்மார் அங்கேதான் பீடியோடு நிற்பார்கள். கொடைரோட்டில் எந்த ரயில் நிற்கும், எது நிற்காது என்று உலகத்துக்கே முக்கியமான விஷயம் பேசுவார்கள். சிஸ்டர் யூனிபார்மோடு ரோட்டைத் தாண்டிப் போய் அவனைப் பிடிப்பார்.

"நீதான அப்பன்? வா உள்ள. செத்த நேரம் கையில வாங்கிப் பாரு."

"நான் எதுக்கு சிஸ்டர்? இதெல்லாம் பொம்பளைக விசயம்."

"பொம்பளைக விசயமா? அதைப் பத்து மாசத்துக்கு முந்திச் சொல்லியிருக்கணும். வாயா!"

டீக்கடையே சிரிக்கும். அவன் வெட்கப்பட்டுக்கொண்டே உள்ளே போவான். வெளியே வரும்போது முகம் வேறாக இருக்கும். பிறகு அவன் ரயிலைப் பற்றிப் பேசி நான் பார்த்ததில்லை. பணியிடத்தை விட்டு டீக்கடைக்குப் போனதற்கு இரண்டு மெமோ.

ஒருநாள் நான் கேட்டேவிட்டேன். "சிஸ்டர், தப்பா நினைக்காதீக. உங்களுக்கும் இப்படி ஒரு பிள்ளை தவறியிருக்கா?" அப்படித்தானே நாம் நினைப்போம். அடிபட்டவர்தான் அக்கறையாக இருப்பார் என்று. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏன், பல்லு வலிச்சவந்தான் பல்லு டாக்டராகணுமா? போய் வேலையப் பாரு மூக்கையா." அதோடு அந்த ஆராய்ச்சி முடிந்தது.

இப்போதெல்லாம் இதற்குப் பயிற்சி வகுப்பு வந்துவிட்டது. 2006-இல் ஊருக்குள் ஒரு ஏசி ஹாலில் நடந்தது, 'துயர் ஆலோசனை ஒருநாள் முகாம்'. மெட்ராஸிலிருந்து கோட் போட்ட ஒருத்தர் கம்ப்யூட்டரோடு வந்தார். தாய் விரும்பினால் குழந்தையைக் காட்டுங்கள், தந்தையையும் அழையுங்கள், பெயர் கேளுங்கள் என்று திரையில் ஒவ்வொன்றாக வந்தது. வருகைப் பட்டியலைத் தூக்கிக்கொண்டு போன நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து சிரிப்பை அடக்கியது எனக்குத்தான் தெரியும். திரையில் வந்த ஒவ்வொரு வரிக்கும் நான் ஒரு மெமோ அடித்திருந்தேன். மத்தியானம் பிரியாணி போட்டார்கள். எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள். எனக்கும்கூட ஒன்று வந்தது. துயர் ஆலோசனையில் தேர்ச்சி பெற்ற ரெக்கார்டு கிளார்க்!

பெயர் கேட்பது என்றேனே, வினையே அதில்தான் ஆரம்பித்தது. எங்கள் பிரசவப் பதிவேடு இரண்டு பக்கமாக விரியும். இடது பக்கத்தில் தாயின் பெயர், முகவரி, பிள்ளையின் எடை எல்லாம் போய், கடைசியில் ஏழாவது கட்டம் 'குழந்தையின் பெயர்'. வலது பக்கத்தில் பதினோராவது கட்டம் 'நிலை'. உயிர் அல்லது இறப்பு என்று எழுத வேண்டும்.

ஏழாவது கட்டம் எப்போதும் காலியாகத்தான் இருக்கும். நம்ம பக்கத்தில் பிறந்த உடனே யார் பெயர் வைக்கிறார்கள்? இந்து வீட்டில் பதினாறு, முப்பது என்று ஒரு நாள் பார்ப்பார்கள். கிறிஸ்தவ வீட்டில் ஞானஸ்நானம். துலுக்க வீட்டில் ஏழாம் நாள். நாங்களோ மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். ஆகவே உயிரோடு போன பிள்ளைக்கு ஏழாவது கட்டத்தில் ஒரு கோடு. ஆனால் இறந்த பிள்ளையின் தாயிடம் சிஸ்டர் கேட்பார்: "என்ன பேரு யோசிச்சு வச்சிருந்த தாயி?" அவள் சொல்வாள். மனசுக்குள் ஒரு பெயர் வைக்காமல் பத்து மாதம் யார் சுமக்கிறார்கள்? சிஸ்டர் அவள் கண் முன்னாலேயே பதிவேட்டைக் கொண்டுவந்து எழுதுவார். அதனால் எங்கள் பதிவேட்டில் உயிருள்ள பிள்ளைகளெல்லாம் பெயர் இல்லாமல் இருந்தன. பெயர் இருந்ததெல்லாம் இறந்த பிள்ளைகள்.

மேனேஜர் இதைக் கண்டுபிடித்த அன்று தலையில் கை வைத்துக்கொண்டார். இறந்து பிறந்த குழந்தைக்குப் பெயர் எழுதியது ஏன் என்று 1994-இல் மெமோ. சிஸ்டர் கொடுத்த விளக்கம் மூன்று வார்த்தை. "கேட்டேன். சொன்னார்கள். எழுதினேன்." விளக்கம் குறைந்தது ஒரு பக்கம் இருக்க வேண்டும் என்று அதற்கு இன்னொரு மெமோ. அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. மேனேஜரும் மெமோவை நிறுத்தவில்லை. இப்படியே பத்து வரைக்கும் வந்துவிட்டோம்.

1998 ஜனவரியில் பேச்சாயி வந்தாள். நிலக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமம், பூக்காட்டில் பூ எடுக்கிற வேலை. புருஷன் தங்கமுத்து பூ வேனில் மூட்டை ஏற்றுகிறவன். கல்யாணமாகி ஏழு வருடம் கழித்துத் தங்கிய பிள்ளை. பெண் குழந்தை. மூச்சில்லாமல் பிறந்தது.

தங்கமுத்துவின் அக்காள்காரி ஒருத்தி, பொழுது சாயுமுன் புதைக்க வேண்டும் என்று பையோடு வந்து நின்றாள். பேச்சாயி பிள்ளையை மடியில் வைத்திருந்தாள். சிஸ்டர் பெயர் கேட்டதும் அக்காள்காரி பாய்ந்தாள். "செத்ததுக்குப் பேரு வைப்பாகளா? பேரு வச்சா அது வீட்டையே சுத்தும்."

"சுத்தட்டுமே. அவ வீடுதான?" என்றார் சிஸ்டர். "நீங்க வெளிய இருங்க."

பேச்சாயி மெதுவாகச் சொன்னாள். "சுடர்மணி."

"நல்ல பேரு" என்று சொல்லிவிட்டு சிஸ்டர் எழுதினார். மூன்றாம் நாள் மாரில் பூக்கட்டப் போனபோது பேச்சாயி, "நான் எடுக்குற பூவு எனக்கே வருது பாருங்க சிஸ்டர்" என்று சொல்லி அழுததாக ஆயா வந்து சொன்னார். ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போய்விட்டாள். டிஸ்சார்ஜ் சீட்டை நான்தான் கொடுத்தேன். எல்லாம் நல்லதுக்குத்தான் என்றும் சொன்னேன்.

அந்த அக்டோபரில் மேனேஜருக்கு ஒரு யோசனை உதித்தது. 'தளிர் நினைவூட்டுத் திட்டம்'. எங்களிடம் பிறந்த பிள்ளைக்கு ஒன்பது மாதம் ஆகும் சமயத்தில், தடுப்பூசிக்கு அழைத்து ஒரு மஞ்சள் அட்டை தபாலில் போகும்.

"பேரு போட்டு எழுதணும்யா மூக்கையா. குழந்தைக்குன்னு மொட்டையா எழுதக் கூடாது. பேரைப் பாத்தாத்தான் நம்ம ஆஸ்பத்திரி நம்ம பிள்ளைய ஞாபகம் வச்சிருக்குன்னு சந்தோசப்படுவாக."

"பேரு இல்லாத பிள்ளைக்கு சார்?"

"விசாரிச்சு அடுத்த தவணையில அனுப்பலாம். இப்ப ஜனவரி, பிப்ரவரியில பேரு உள்ளதுக்கு மட்டும் எழுது. நாளைக்கு டிரஸ்டி வந்து தொடங்கி வைக்கிறாரு."

நான் பதிவேட்டைத் திறந்தேன். ஏழாவது கட்டத்தில் ஸ்கேலை வைத்து மேலிருந்து கீழே இறக்கினேன். கோடு, கோடு, கோடு, பெயர். இரண்டு மாதத்தில் மூன்றே மூன்று பெயர். என்ன இம்புட்டுக் குறைவாக இருக்கிறதே என்று ஒரு நொடி நினைத்தேன். வலது பக்கம் பார்க்கவில்லை. யோசித்திருந்தால் தெரிந்திருக்கும். அந்தப் பெயர் மெமோவை அடித்தவனே நான்தானே. ஆனால் யோசிப்பது என் வேலைப் பட்டியலில் இல்லை. அழகாக எழுதுவது இருந்தது. எனக்குக் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

"அன்புள்ள பெற்றோருக்கு, தங்கள் செல்வம் சுடர்மணிக்கு ஒன்பது மாதம் நிறைவடைகிறது. தடுப்பூசி போட, குழந்தையைத் தவறாமல் அழைத்து வரவும்."

உறையில் 'சுடர்மணியின் தாயார் பேச்சாயி அவர்களுக்கு' என்று எழுதினேன். மறுநாள் டிரஸ்டி மூன்றையும் போட்டோகிராபருக்கு நேராகப் பிடித்துத் தபால் பெட்டியில் போட்டார். எல்லோரும் கை தட்டினோம்.

ஒன்று வத்தலக்குண்டு போய், ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. ஒன்று கொடைரோடு பக்கம் போனது. அந்த வீட்டிலிருந்து யாரும் வரவில்லை, எழுதவில்லை, திட்டவுமில்லை. அந்தத் தாய் அதைப் பிரித்தபோது எப்படி இருந்திருப்பாள் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது. மூன்றாவது நிலக்கோட்டைக்குப் போனது.

நாலாம் நாள் காலை பதினோரு மணிக்கு வாசலில் பூ வேன் வந்து நின்றது. உள்ளே பூ இல்லை. எட்டு ஆம்பளைகள். முன்னால் தங்கமுத்து.

"ஏலே, யார்ரா எங்கள நக்கல் பண்றது? செத்த புள்ளைக்கு ஊசி போடக் கூப்புடுறீகளா? புள்ளையத் தோண்டி எடுத்துட்டு வரவா?"

மேனேஜருக்கு வேர்த்துக் கொட்டியது. உட்கார வைத்து, சோடா வாங்கிக் கொடுத்து, குற்றவாளியை வெள்ளிக்கிழமைக்குள் வேலையை விட்டு அனுப்புவதாக வாக்குக் கொடுத்து அனுப்பினார். பிறகு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு யோசித்தார். அவருடைய யோசனையில் ஓட்டையே இருக்காது. பெயர் இருந்ததால் அட்டை போனது. பெயர் எழுதியது பிரிஸ்கில்லா. ஆகவே குற்றவாளி பிரிஸ்கில்லா. "பணிநீக்கம் ஏன் செய்யக் கூடாது" என்று பதினோராவது மெமோவை அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். என்னை நிரந்தரமாக்கும் உத்தரவு அதே மேஜையில் அவருடைய கையெழுத்துக்காகக் காத்திருந்தது. அதை நான் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டு அடித்தேன்.

மெமோவை வாங்கிக்கொண்டு சிஸ்டர் நேரே ரெக்கார்டு ரூமுக்கு வந்தார். பதிவேட்டை எடுத்து விரித்தார். பதினோராவது கட்டத்தில் விரலை வைத்தார்.

"மூக்கையா, வலது பக்கம் பாக்கலையா?"

"பாக்கலை சிஸ்டர்."

"ம்" என்றார். போய்விட்டார். இரண்டு அறை தள்ளிக் கேட்கிற மாதிரி வைவார் என்று நினைத்தேன், வையவில்லை. நான் வலது பக்கம் பார்க்காததை மேனேஜரிடம் சொல்வார் என்று நடுங்கினேன், சொல்லவில்லை. வியாழக்கிழமை முழுக்க வார்டில் அவருடைய சத்தம் வழக்கம்போலக் கேட்டுக்கொண்டிருந்தது. அவருடைய பெரிய பையன் காலேஜில் சேர்ந்த வருடம் அது. அந்த வேலை போனால், பதினோரு மெமோ வாங்கியவரை வேறு ஆஸ்பத்திரியில் யார் சேர்ப்பார்கள்? எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் கமுக்கமாக இருந்தேன். சீ, மனுஷனா நான்!

வெள்ளிக்கிழமை விசாரணை. மேனேஜர் அறையில் சிஸ்டர், தங்கமுத்து, பேச்சாயி, குறிப்பெடுக்க நான். பேச்சாயி உள்ளே வந்ததும் யாரையும் பார்க்கவில்லை. நேரே சிஸ்டர் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"நல்லாருக்கீகளா பிஸ்கட் சிஸ்டர்?"

"நல்லாருக்கேன் தாயி. சாப்டியா?"

குற்றம் சாட்டுகிறவரும் குற்றவாளியும் பக்கத்தில் உட்காரக் கூடாது என்று மேனேஜர் சொல்லிப் பார்த்தார். இருவருக்குமே காதில் விழவில்லை. அவர் தயாராக வைத்திருந்த புகாரை வாசித்தார். "எனது இறந்த குழந்தைக்கு என் சம்மதமின்றிப் பெயரிட்டு, அதைப் பதிவேட்டில் எழுதி, எனக்கு மன உளைச்சல் உண்டாக்கிய..."

"நாந்தான சொன்னேன் பேரு" என்றாள் பேச்சாயி.

"அது சரிம்மா. இது ஆபீஸ் பாஷை. கைநாட்டு வச்சாப் போதும். அந்த அட்டையையும் குடுத்துரு. கோப்புல இணைக்கணும்."

பேச்சாயி கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். உள்ளே மஞ்சள் அட்டையும் நான் எழுதிய தபால் உறையும் மடங்காமல் இருந்தன. எடுத்தாளே தவிர நீட்டவில்லை.

"குடுக்க மாட்டேன்."

"குடுத்துத் தொலை புள்ள" என்றான் தங்கமுத்து. "அதைத் தலமாட்டுல வச்சுக்கிட்டுப் படுக்குறா சார். கிழிக்கப் போனா கடிக்க வாரா."

"கிழிப்பீக" என்று பேச்சாயி அவனைப் பார்த்துச் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. "இந்த ஒம்பது மாசத்துல நீங்க ஒரு நாளாச்சும் அவ பேரைச் சொல்லியிருக்கீகளா? உங்க அக்கா சொல்லுச்சா? ஊருல எல்லாரும் என்னைய மலடின்னு சொல்றாக. நான் பெத்தவ. ரேசன் கார்டுல அவ இல்ல, எதுலயும் இல்ல. எம்புள்ள பேரு போட்டு வந்த ஒரே காயிதம் இது." உறையை மடியில் வைத்துக்கொண்டாள். "அன்னைக்கு போஸ்ட்மேன் வந்து தெரு நடுவுல நின்னு சத்தமாக் கூப்பிட்டாரு. 'சுடர்மணி அம்மா யாரு? சுடர்மணி அம்மா இருக்காகளா?'ன்னு. தெருவே கேட்டுச்சு. நாந்தான்னு சொல்லிக் கையை நீட்டி வாங்குனேன் சிஸ்டர். என்னையும் ஒருத்தரு அப்படிக் கூப்பிட்டுட்டாரு."

சிஸ்டர் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார்.  தங்கமுத்து சுவர்ப் பக்கம் திரும்பி நின்றான். திரும்பாமலே சொன்னான்.

"புகாரு வேணாம் சார். விட்ருங்க."

கைநாட்டு இல்லாத புகார், இணைப்பு இல்லாத கோப்பு. ராயப்பராஜ் மாதிரி ஆளால் அதை வைத்துக்கொண்டு ஒரு ஈயைக்கூட வேலை நீக்கம் செய்ய முடியாது. சிஸ்டரின் வேலை தப்பிவிட்டது. அது சிஸ்டருக்கும் புரிந்தது, எனக்கும் புரிந்தது. அதோடு என் கழுத்தும் தப்பிவிட்டது. நான் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. நோட்டை மூடினேன்.

பேச்சாயி எழுந்தவள் நின்றாள். "இதை எழுதுனது யாரு? எழுத்து அம்புட்டு அழகா இருக்குன்னு வாசிச்ச புள்ள சொல்லுச்சு."

"இந்த சிஸ்டர்தாம்மா" என்றார் மேனேஜர், அவசரமாக.

"இல்ல சார். சிஸ்டர் என் முன்னாடிதான் அன்னைக்கு எழுதுனாக. எனக்கு வாசிக்கத் தெரியாது, ஆனா அந்த எழுத்து எனக்கு மறக்காது. இது வேற கை."

சிஸ்டர் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால்கூட நான் சமாளித்திருப்பேன். எழுந்து நின்றேன். 

"நான்தாம்மா. தப்பா எழுதிட்டேன்."

பேச்சாயியின் முகம் சட்டென்று வெளுத்துவிட்டது. அட்டையை உறையிலிருந்து உருவி, இரண்டு கையாலும் பிடித்து, தெரியாத எழுத்தை உற்று உற்றுப் பார்த்தாள்.

"பேரைத் தப்பாவா எழுதிட்டீக?"

"இல்லம்மா. பேரு சரியாத்தான் இருக்கு. சுடர்மணின்னுதான் இருக்கு."

அவளுக்கு மூச்சு வந்தது. அட்டையைத் துடைத்து உறைக்குள் வைத்து, கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"அப்புறம் என்ன சார் தப்பு?"